யாமையின் காவலர்



நெய்தல் திணைப் பாடல்களில் தோய்ந்தோர் அகநானூற்றின் 160ஆம் பாடலை மறந்திருக்க மாட்டார்கள். பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார். அப்பாடலில் ஒரு காட்சி வருகிறது. சூல் முதிர்ந்த பெண் யாமை ஒன்று கழியோரத்து வெண்மணல் மேட்டை நாடி வருகிறது. அடும்பங்கொடி சிதையுமாறு மணலை அகழ்ந்து, முட்டைகளை ஈன்று, பிறர் கண்ணிற் படாதபடி புதைத்து வைக்கிறது. அம்முட்டை வட்டுக்காய் போல் உருண்டிருக்கிறது. புலால் நாற்றம் வீசுகிறது. குஞ்சுகள் வெளிப்படும் காலம் வரையில் அகன்ற வாயையுடைய ஆண் யாமை அதனைக் காத்து நிற்கிறது. தலைவன் தலைவியரின் காதலைக் கூற வந்த பாடலின் நடுவே, கடற்கரை உயிரினம் ஒன்றின் இல்லற வாழ்வு முழுமையாகத் தீட்டப்பட்டிருக்கிறது.

இச்செய்திகளை இன்றைய உயிரியல் அறிவோடு ஒப்பிட்டு நோக்கினால் வியப்பே மேலிடும். கடலாமை முட்டையிடத் தேர்ந்தெடுப்பது அலை எட்டாத மணற்பாங்கு. அங்கே படர்ந்து கிடப்பது அடும்பு. முட்டை வெண்ணிறமும் உருண்டை வடிவும் உடையது. முட்டையிட்டு முடிந்ததும் குழி இருந்த இடம் புலப்படாதபடி மணலை வாரி மூடுவது அதன் இயல்பு. இவை யாவும் உண்மை. கடற்கரையில் நின்று கண்டவரோ, கண்டவர் வாய்க் கேட்டவரோ அன்றி வேறொருவர் இவ்வாறு பாடியிருக்க இயலாது.

ஒரே ஒரு செய்தி மட்டும் பொருந்தவில்லை. ஆண் ஆமை காவல் இருப்பதில்லை. குஞ்சாகக் கடலில் இறங்கிய பிறகு அது கரையேறி வருவதில்லை. தாய் கரைக்கு வருவதும் முட்டையிடுவதற்கு மட்டுமே. ஒரு மணி நேரத்திற்குள் தன் கடமையை முடித்துக் கடலுக்குத் திரும்பிவிடும். தான் புதைத்த முட்டைகளை மீண்டும் வந்து பார்ப்பதில்லை. ஆமை தன் முட்டையை நினைந்தே பொரிக்கச் செய்யும் என்றும் முன்னோர் நம்பினர். மானச தீக்கைக்குச் சைவ நூல்கள் காட்டும் உவமை இதுவே. தாயும் தந்தையும் அருகில் இல்லாமல் மணலுக்குள் கிடக்கும் உயிர்களுக்கு ஏதோ ஒரு காவல் இருந்தே தீரவேண்டும் என்று தமிழ் உள்ளம் விரும்பியிருக்கிறது. இயற்கையிலோ அக்காவல் இல்லை.

ஆயினும் சென்னைக் கடற்கரையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அந்தக் காவலை மனிதர் சிலர் ஏற்று நடத்தி வருகின்றனர். ஊதியம் பெறாதவர்கள், பெரும்பாலும் மாணவர்கள். அவர்கள் செய்வது என்ன, அதனால் விளைந்தது என்ன, அவர்களால் இயலாதது என்ன என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் காணப்படுகின்றன. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை என்பன அவை. இவற்றுள் உருவிற் சிறியது பங்குனி ஆமை. சிற்றாமை என்றும் அதனை வழங்குவர். ஓட்டின் நீளம் இரண்டடிக்குச் சற்று மேல்; எடை நாற்பது, ஐம்பது கிலோ. தை முதல் பங்குனி வரையில் சென்னைக் கரைக்கு வந்து முட்டையிடுவது பெரும்பாலும் இவ்வினமே. பின்கால்களால் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குடுவை வடிவில் குழி பறித்து, ஒரு முறைக்கு 100 முதல் 120 முட்டைகள் வரை இடும். அப்பொழுது அதன் கண்களிலிருந்து நீர் வழியும். பிள்ளைப்பேற்றின் வேதனையால் அழுகிறது என்று பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது. குழியை மூடியபின் உடலை இடமும் வலமுமாக அசைத்துத் தன் மார்போட்டால் மணலைத் தட்டி இறுக்கிவிட்டே புறப்படும்.

ஒடிசாவின் கஹிர்மாதா, ருசிகுல்யா கடற்கரைகளில் இவ்வாமைகள் பல்லாயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறுகின்றன. அங்கே அவற்றைத் தேட வேண்டியதில்லை. சென்னையின் நிலை வேறு. இங்கே ஓரிரவில் ஓராமை வரலாம், இரண்டு வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். எந்த இடத்தில், எந்த நேரத்தில் வரும் என்று எவராலும் கூற இயலாது. எனவே கரை முழுவதையும் நடந்து தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. பொழுது விடிவதற்குள் தேடவும் வேண்டும். விடிந்தால் நாய்கள் முந்திக்கொள்ளும். மனிதர் காலடிகள் தடத்தை அழித்துவிடும். ஒரு காலத்தில் முட்டைகளைத் தோண்டி எடுத்து விற்போரும் இருந்தனர்.

இந்நடைக்கு 1970களின் தொடக்கத்தில் வித்திட்டவர்கள் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் ஆவர். இரவில் கடற்கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட ஓரிடத்தில் புதைத்துப் பொரிக்கச் செய்தனர். பின்னர் வனத்துறை சில ஆண்டுகள் அப்பணியை மேற்கொண்டிருந்தது. அது நின்றுபோன நிலையில், 1988ஆம் ஆண்டு கல்லூரி மாணவர் சிலர் ஒன்றுகூடி அதனைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டனர். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு பிறந்தது இவ்வாறே. அன்று முன்னின்ற மாணவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அறிவியலாளராகி, இந்தியாவில் கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றை 2015இல் ஒரு நூலாகவே எழுதினார். மணலில் நடந்த மாணவர் பலர் பின்னர் வேறு வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். நடை மட்டும் நிற்கவில்லை. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வந்து சேர்கின்றனர்.

இவ்விடத்தில் சதீஷ் பாஸ்கரின் பெயரையும் நினைவுகூர வேண்டும். பொறியியல் பயில்வதற்காகச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு வந்த அவரைக் கடல் இழுத்துக்கொண்டது. 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தியக் கடற்கரைகளையும் தீவுகளையும் ஆராய்ந்து அவர் நடந்த தொலைவு நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். எந்தக் கரையில் எவ்வகை ஆமை முட்டையிடுகிறது என்னும் அடிப்படைச் செய்தியே அதுவரை நாட்டில் முறையாகத் தொகுக்கப்பட்டிருக்கவில்லை. 1982ஆம் ஆண்டின் பருவமழைக் காலத்தில், படகுப் போக்குவரத்து அற்றுப்போகும் மாதங்களில், இலட்சத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஆளற்ற சுஹேலித் தீவில் பேராமைகளைக் கணக்கெடுப்பதற்காக அவர் தன்னந்தனியே தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் சிக்க, அவர் அதனை உரியவருக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். 2023இல் மறைந்த அவர் விட்டுச்சென்ற செல்வம் அவருடைய குறிப்பேடுகளே. காவலனின் முதற்கடமை எண்ணுதல் என்பதை உணர்ந்து வாழ்ந்தவர் அவர்.

சென்னையில் ஓரிரவு நடை எவ்வாறு நிகழ்கிறது? நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் ஒரு சிறு குழு கூடுகிறது. அங்கிருந்து வடக்கு நோக்கிப் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஈரமணலில் நடக்க வேண்டும். பெசன்ட் நகருக்கு அப்பால் மெரினாவரை செல்லும் குழுவும் உண்டு. கைவிளக்கை ஏற்றுவதில்லை, ஒளியைக் கண்டால் கரையேற வந்த ஆமை திரும்பிவிடும். பேச்சும் மெல்லிய குரலில்தான். கண்கள் தேடுவது ஆமையை மட்டுமன்று. அதன் தடத்தையே அவை முதலில் தேடுகின்றன. கடலிலிருந்து மேட்டுக்கு ஏறிய தடமும், மேட்டிலிருந்து கடலுக்கு இறங்கிய தடமும் டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல் மணலில் பதிந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி மணல் கலைந்திருக்கும். ஒரு மெல்லிய கோலைப் பதமாக ஊன்றிப் பார்த்தால், முட்டைக்குழி இருக்கும் இடத்தில் அது சட்டென இறங்கும். அதன்பின் கோலுக்கு வேலையில்லை. கையாலேயே தோண்ட வேண்டும்.

முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் இடுகின்றனர். குழியின் ஆழமும் அகலமும் அளக்கப்படுகின்றன. குழியின் ஈரமணலும் சிறிது உடன் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவையனைத்தையும் சில மணி நேரத்திற்குள் முடித்தாக வேண்டும். நேரம் கடந்தால் கரு முட்டையோட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு அழிந்துவிடும். கடற்கரையில் வேலியிட்ட பொரிப்பகத்தில் தாய் பறித்த அளவிலேயே ஒரு குழி பறித்து, முட்டைகளை வைத்து மூடி, நாளும் எண்ணிக்கையும் எழுதிய அட்டை ஒன்றை நட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. பெரும்பாலும் அதற்குள் கிழக்கு வெளுத்திருக்கும். அவர்களிற் பலர் அன்று காலையே வகுப்பிற்கோ அலுவலகத்திற்கோ செல்ல வேண்டியவர்கள்.

முட்டைகள் பொரிய 45 முதல் 60 நாள்கள் ஆகும். மணலின் வெப்பமே அங்கே செவிலி. அவ்வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29, 30 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால் பெண் குஞ்சுகள் மிகும். கீழே இருந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். உலகம் வெப்பமடைந்து வரும் நாளில் இது கவலைக்குரிய செய்தி. நாள் நெருங்கியதும் ஒவ்வொரு குழியின் மீதும் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைக்கின்றனர். வெளிவந்த குஞ்சுகளை நேரே நீரில் விடுவதில்லை. அலையிலிருந்து சற்றுத் தள்ளி மணலில் விட்டு, தாமே ஊர்ந்து கடலை அடையச் செய்கின்றனர். கடல் இருக்கும் திசையைக் குஞ்சுகள் ஒளியால் அறிகின்றன. இருண்ட கரைக்கு எதிரே, விண்மீனொளியும் நிலவொளியும் பட்ட நீர்ப்பரப்பே வெளிச்சமாகத் தோன்றும். நகரத்திலோ கரையே கடலைவிட ஒளிர்கிறது. தெருவிளக்குகளை நோக்கி ஊர்ந்து, சாலையில் நசுங்கியும், விடிந்தபின் வெயிலில் காய்ந்தும் குஞ்சுகள் மடிகின்றன. முட்டைகளை இருந்த இடத்திலேயே விட்டுவைப்பதே சிறந்த முறை என்பதை இத்தொண்டர்கள் அறியாதவர்கள் அல்லர். விளக்குகளே அவர்களைப் பொரிப்பகத்தை நாடச் செய்தன.

இவ்வளவும் கேட்பதற்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் நடை செல்பவர்கள் பெரும்பாலான இரவுகளில் ஆமையைக் காண்பதே இல்லை. முதன்முதலாக வருபவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புகின்றனர். அதைவிடக் கொடியது, உயிருள்ள ஆமைக்கு முன் இறந்த ஆமையைக் காண நேர்வது. அதனையும் அவர்கள் விட்டுவிடுவதில்லை. எந்த நாள், எந்த இடம், என்ன அளவு, ஆணா பெண்ணா, உடலில் காயம் உண்டா என்று குறித்துக்கொள்கின்றனர். ஒருமுறை எண்ணிய உடலை மறுமுறை எண்ணாதிருக்க அடையாளம் இடுவது கடலாமைக் கணக்கெடுப்பில் பொதுவான முறை. ஆமை வராத இரவுக்கும் ஒரு குறிப்பு உண்டு. நடந்தார்கள், காணவில்லை என்பதும் ஒரு செய்தியே. அச்செய்தி இல்லாவிட்டால், வந்த ஆமைகளின் எண்ணிக்கைக்கும் பொருள் இல்லாமற் போகும்.

இக்குறிப்பேடுகளின் பெறுமதி 2025ஆம் ஆண்டு சனவரியில் நாடறியப் புலப்பட்டது. அம்மாதத்தில் சென்னையிலும் அதனையடுத்த கடற்கரைகளிலும் பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கத் தொடங்கின. நாளுக்கு நாள் எண்ணிக்கை பெருகி ஆயிரத்தையும் கடந்தது. ஆண்டுதோறும் சில ஆமைகள் இறந்து ஒதுங்குவது வழக்கந்தான் என்று எவரேனும் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் எது வழக்கம், எது வழக்கத்திற்கு மாறானது என்பதைக் கூறப் பல ஆண்டுக் கணக்கு வேண்டும் அன்றோ? அக்கணக்கு, நள்ளிரவில் நடந்தவர்களிடம் இருந்தது. செய்தித்தாள்கள் எழுதின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. எவரும் கேளாத நாள்களில் எழுதி வைத்த எண்கள், கேட்க வேண்டிய நாளில் சாட்சி கூறின.

ஆமைகள் இறந்தது எதனால்? உடற்கூறு ஆய்வில் மூச்சுத் திணறி இறந்தமைக்கான அறிகுறிகள் தென்பட்டன. நீரில் வாழினும் ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். அவ்வப்போது மேலே வந்து காற்றை உட்கொண்டாக வேண்டும். கடலடியை அரித்துச் செல்லும் இழுவலை மணிக்கணக்கில் நீருக்குள் இழுக்கப்படுகிறது. அதனுள் அகப்பட்ட ஆமை வெளியேறப் போராடிப் போராடி மூச்சை விரைவில் இழந்துவிடுகிறது. கரையிலிருந்து 5 கடல்மைல் தொலைவுக்குள் இழுவலைப் படகுகள் மீன் பிடித்தலாகாது என்று தமிழ்நாட்டில் விதி உண்டு. ஆமை வெளியேறுவதற்கு வழிவிடும் கம்பித் தடுப்பை வலையில் பொருத்தும் முறையும் உண்டு. கடலாமைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. புலிக்கு உரிய பாதுகாப்பு அவற்றிற்கும் உண்டு. ஆயினும் ஏட்டில் இருப்பது கடலில் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் நடைமுறைக்கு வரும் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15ஆம் நாள் தொடங்குகிறது. ஆமைகள் இணைசேரவும் முட்டையிடவும் கரையோர நீரில் திரண்டிருக்கும் தையும் மாசியும் பங்குனியும் அதற்குள் கழிந்துவிடுகின்றன.

இதனைக் கூறும்போது மீனவர் மீது பழி சுமத்துவது எளிது, அது நேர்மையாகாது. கட்டுமரத்திலும் சிறு படகிலும் செல்லும் மீனவனும் இழுவலைப் படகுகளால் தன் மீன்வளத்தை இழந்து நிற்பவனே. கரையோரக் கடலை இழுவலை அரித்தால் ஆமைக்கு நேரும் கேடு அவனுக்கும் நேர்கிறது. இருவர் வழக்கும் ஒன்றே. இதனை உணர்ந்து, 2002இல் சுப்ரஜா தாரிணி நிறுவிய டிரீ பவுண்டேஷன் என்னும் அமைப்பு, சென்னைக்குத் தெற்கேயுள்ள மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே கடலாமைக் காவலர்களாகப் பயிற்றுவித்து வருகிறது. கரையில் பிறந்து வளர்ந்தவர்களின் கண்ணுக்கு ஈடான கருவி இல்லை. காற்று எத்திசையில் வீசினால் இறந்த உடல் எங்கே ஒதுங்கும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி ஒரு வினா எஞ்சுகிறது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் தமிழகக் கடற்கரையிலிருந்து கடலில் விடப்பட்ட குஞ்சுகள் 2 இலட்சத்திற்கும் மேல். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி பார்த்தால் அந்த 2 இலட்சத்திலிருந்து முழு வளர்ச்சி பெறுபவை சில நூறே. அவையும் முட்டையிடும் பருவத்தை எய்தப் பத்து, பதினைந்து ஆண்டுகள் செல்லும். ஒரே மாதத்தில் ஆயிரம் பெரிய ஆமைகள் மடிந்தன என்றால், எத்தனை பருவங்களின் உழைப்பு கரைந்தது என்பதை அவையோரே கணக்கிட்டுக்கொள்ளலாம். அவ்வாறாயின் முட்டைகளைக் காப்பதால் பயன் என்ன?

இவ்வினாவைத் தொண்டர்கள் தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டவர்கள்தாம். பொரிப்பகம் மட்டுமே ஆமையினத்தைக் காத்துவிடாது என்று அவர்களே வெளிப்படையாகக் கூறுகின்றனர். முட்டையைக் கரையில் காக்கலாம். தாயைக் கடலில் காக்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை. அது சட்டத்திற்கும், அரசுக்கும், படகு உடைமையாளருக்கும், கடலுணவை வாங்கி உண்ணும் நகர மக்களுக்கும் உரிய பொறுப்பு. ஆயினும் அப்பொறுப்பை நினைவூட்டுவோர் எவரேனும் இருக்க வேண்டும். இந்நடைகளில் ஒரு முறையேனும் கலந்துகொண்ட பொதுமக்கள் இன்று ஆயிரக்கணக்கில் உள்ளனர். ஓராமை மணலைத் தட்டி இறுக்கும் ஓசையை இருளில் கேட்ட ஒருவர், அதன்பின் கரையில் ஒதுங்கிய உடலை வெறும் குப்பையாகக் கருத மாட்டார். நடையின் பயன் முட்டைகளோடு முடிந்துவிடுவதில்லை.

இலக்கிய வட்டத்தினர் நெய்தலைப் பத்தாண்டுகளாகப் படித்தும் பேசியும் வருபவர்கள். அடும்பு என்றால் உரையாசிரியர் தரும் பொருள் அனைவருக்கும் தெரியும். அக்கொடியைக் கடற்கரையில் கண்டு இன்னதென்று கூற வல்லவர் எத்தனை பேர்? மணல்மேடும் அடும்பும் யாமையும் போய்விட்டால், அகநானூற்றின் 160ஆம் பாடல் அகராதியின் துணை கொண்டு மட்டுமே படிக்கப்படும் பாடலாகிவிடும். இன்றைக்கு அந்நிலை நேரவில்லை. பாடலில் உள்ள பெண் யாமை இன்றும் அதே போன்ற மணலுக்கு வருகிறது. அதே வகையில் முட்டையைப் புதைக்கிறது.

நப்பசலையார் காவலனாகக் கண்டது ஆண் யாமையை. அந்த இடம் உண்மையில் வெறுமையாக இருந்தது. அவ்வெறுமையை நிரப்ப, தை பிறந்ததும் நள்ளிரவில் நீலாங்கரையில் சிலர் கூடுகின்றனர். ஒரு கோல், ஒரு துணிப்பை, ஒரு குறிப்பேடு, இவையே அவர்களின் படைக்கலம். வட்டத்தின் அன்பர்கள் அடுத்த தை மாதத்தில் ஓரிரவேனும் அவர்களோடு நடந்து பார்த்தல் வேண்டும். ஆமை வராத இரவாக அது அமைந்தாலும், குறிப்பேட்டில் ஒரு வரி எழுதப்படும். அந்த வரி வீண்போகாது.